குப்பை மேடும் குடிமக்கள் குரலும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அதன் மாளிகைகளையும் கோபுரங்களையும், அதனை ஆண்ட மன்னர்களையும் நகரபிதாக்களையும் கொண்டு எழுதுவதே நெடுங்காலமாக நம்மிடையே வழக்காக இருந்து வந்துள்ளது. அகழ்வாராய்ச்சியாளர் செய்வதோ வேறு. அரண்மனையின் அத்திவாரத்தைக் காணும்போது அடையும் மகிழ்ச்சிக்குச் சற்றும் குறையாத மகிழ்ச்சியை, முன்னாள் மக்கள் கழித்தெறிந்த குப்பைக் குவியலைக் காணும்போதும் அவர்கள் அடைகின்றனர். உடைந்த சட்டியும், உண்டு கழித்த சிப்பியும், கரிந்த எலும்பும் அம்மக்கள் எதை உண்டனர், எவரோடு வாணிகம் செய்தனர், எவர் செழித்தனர், எவர் வாடினர் என்பனவற்றையெல்லாம் மெய்க்கீர்த்திகளைக் காட்டிலும் நேர்மையாகச் சொல்லிவிடும்.

நம் காலத்து நகரங்களின் வரலாற்றையும் அவ்வாறே குப்பையைக் கொண்டு எழுதுதல் கூடும். ஆனால் குப்பைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் அப்போது வினாவாகாது. அக்குப்பை யாருடைய வாசலிற் கிடக்கிறது? அங்கே அதனைக் கொண்டுபோய்க் கொட்டுமுன், அவ்வாசலில் வாழ்வோரை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருப்பின், அவர்கள் சொன்ன மறுமொழிக்கு மதிப்பிருந்ததா? இவ்வினாக்களை எழுப்பியவுடன் துப்புரவைப் பற்றிய பேச்சு, ஆட்சியைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. கழிவகற்றலுக்குத் திட்டம் வகுக்கும்போது பொதுமக்களைக் கலந்தாலோசித்தல் என்னும் கொள்கை எங்குப் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, நமது நாட்டில் அது என்ன கதிக்கு ஆளாயிற்று என்பதைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கதையை இங்கிலாந்தில் யோர்க்சயர்ப் பகுதியிலுள்ள ஹவர்த் என்னும் மலைக்கிராமத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஆங்கில இலக்கியம் பயின்றோர் அப்பெயரை அறிவர். சார்லொட், எமிலி, ஆன் என்னும் புரொண்டி சகோதரிகள் வாழ்ந்து நாவல்கள் எழுதிய ஊர் அது. அவர்களின் தந்தை பற்றிக் புரொண்டி அவ்வூரின் தேவாலயக் குருவாக 1820ஆம் ஆண்டு முதல் பணியாற்றியவர். கம்பளி நூற்போரும் நெசவாளரும் நெருங்கி வாழ்ந்த அவ்வூரிற் கழிவுநீர் செல்ல முறையான வடிகால் இருக்கவில்லை. வீடுகளின் அருகிலேயே சாணமும் மலமும் குப்பையும் குவிந்து கிடந்தன. மேட்டிலிருந்த இடுகாட்டின் ஊற்றும் கழிவுக் குவியல்களின் கசிவும் குடிநீரோடு கலந்தன. குருவானவர் குழந்தைகளின் சவப்பெட்டிகளை ஓயாது அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

1848ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றியது. தொழிற்சாலை நகரங்களில் வாந்திபேதியும் காய்ச்சலும் உழைப்பாளரைக் கொள்ளை கொண்டமையும், எட்வின் சட்விக் 1842இல் வெளியிட்ட உழைக்கும் மக்களின் சுகாதார நிலைபற்றிய அறிக்கையும் அச்சட்டத்துக்கு வழிகோலின. அச்சட்டத்திலே நமது பொருளுக்கு மிக இன்றியமையாத ஓர் ஏற்பாடு இருந்தது. ஓர் ஊரில் வரி செலுத்துவோரிற் பத்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டு விண்ணப்பித்தால், இலண்டனிலிருந்த சுகாதார சபை அவ்வூருக்கு ஒரு பரிசோதகரை அனுப்பலாம். அவர் முன்னறிவித்தல் கொடுத்து, வெளிப்படையான விசாரணை நடத்தி, ஊரவர் சாட்சியங்களைக் கேட்டு, அறிக்கை சமர்ப்பித்தல் வேண்டும். ஊர்க் கழிவைப்பற்றி ஊர்மக்களைக் கூட்டி வைத்துக் கேட்டல் வேண்டும் என்னும் எண்ணம் இவ்வாறுதான் நவீன சட்டத்தினுள் நுழைந்தது.

பற்றிக் புரொண்டி 1849ஆம் ஆண்டில் ஊரவரின் கையொப்பங்களைத் திரட்டி விண்ணப்பித்தார். அதற்கு முன் ஓராண்டு கழியுமுன்பே அவர் தம் மக்களில் மூவரை அடுத்தடுத்து இழந்திருந்தார் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. 1850ஆம் ஆண்டு பரிசோதகர் பெஞ்சமின் பபேஜ் அவ்வூருக்கு வந்து ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை ஹவர்த் மக்களின் சராசரி மரண வயது 25.8 ஆண்டு என்றும், பிறந்தோரில் நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயது நிரம்புமுன் மாண்டனர் என்றும் கணக்கிட்டுக் கூறியது. வடிகாலும் நல்ல குடிநீரும் வேண்டும், பழைய இடுகாடு மூடப்படல் வேண்டும் என அது விதந்துரைத்தது.

ஆயினும் பரிகாரம் உடனே கிட்டிற்றில்லை. வரி உயர்ந்துவிடும் என்று அஞ்சிய சொத்துடையோர் தடைகள் எழுப்பினர். முதிய குருவானவர் இலண்டனுக்குக் கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். சிறியதொரு நீர்த்தேக்கம் கட்டப்படுவதற்கு 1858ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சார்லொட்டும் அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே இறந்து விட்டாள்.

இச்சிறு வரலாற்றில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. மக்கள் கேட்கப்படுதல் என்பது மேலிருந்து அருளப்பட்ட கொடையன்று. கையொப்பம் திரட்டி, கடிதம் எழுதி, கேட்டுப் பெற்ற உரிமையே அது என்பது முதலாவது. அவ்வாறு கேட்கப்பட்டோர் யாவர் என்பது இரண்டாவது. வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் என்றுதான் சட்டம் கூறிற்றே யன்றி, ஊரவரிற் பத்தில் ஒரு பங்கினர் என்று கூறிற்றில்லை. மிகப் பெருந்தொகையாக மாண்டவர்களோ சொத்தில்லாத நெசவாளரின் குழந்தைகள். குப்பையால் மடிந்தவர்கள் கணக்கில் இடம்பெற்றனர், கையொப்பத்தில் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் நம் தமிழறிஞர் சிலர் குறுக்கிட்டு, "ஊராரைக் கேட்டு ஊர்க்காரியம் செய்யும் முறையை ஆங்கிலேயனிடமா நாம் கற்க வேண்டும்? உத்தரமேரூர்க் கல்வெட்டை மறந்தீரோ?" என வினவக்கூடும். மறந்தோமல்லோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்கள் குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்களையும் விரிவாகக் கூறுகின்றன. பெருமைப்படத்தக்க ஆவணங்களே அவை. ஆனால் அக்குடத்தினுள் யார் பெயர் எழுதிய ஓலை விழுந்தது என்பதையும் அதே கல்வெட்டு ஒளிவின்றிக் கூறுகிறது. கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய, 35 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவரே அதற்குரியர். ஏரியைத் தூர்வாரியவனுக்கும் தெருவைக் கூட்டியவனுக்கும் அங்கே ஓலையில்லை. பத்தாம் நூற்றாண்டு உத்தரமேரூருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஹவர்த்துக்கும் இவ்வொரு விடயத்தில் ஒற்றுமை மிகுதி. இரண்டிடத்தும் சொத்துக்குத்தான் வாயிருந்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1865ஆம் ஆண்டின் மாநகரசபைக் கட்டளைச்சட்டத்தின் வழியாகக் கொழும்பு மாநகரசபை தோன்றியது. அதுவும் சொத்துடையோர் தெரிவு செய்த மன்றமே. குடியேற்ற ஆட்சியில் துறைமுகம் பெருகப் பெருகக் கொழும்பும் பெருகியது, கழிவும் பெருகியது. அக்கழிவை அகற்றும் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து சாதியாலும் வறுமையாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் அழைத்துவரப்பட்டனர். கொழும்பிலும், கண்டியின் மகியாவையிலும், யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். விடியுமுன் எழுந்து நகரத்தின் மலத்தையும் குப்பையையும் சுமந்து சென்ற இந்நகர சுத்தித் தொழிலாளரைவிடக் கழிவின் தன்மையை அறிந்தவர் இந்நாட்டில் வேறெவரும் இலர். எந்த வீதியில் எவ்வளவு சேரும், எது மக்கும், எது மக்காது, மழைநாளில் எந்தக் கொட்டிடம் சரியும் என்பனவெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். அவர்களைக் கூப்பிட்டு அமரவைத்து, இந்நகரத்தின் குப்பையை என்ன செய்யலாம் என்று கேட்பதை எவரும் தம் கடமையாகக் கொள்ளவில்லை.

சுதந்திரம் வந்தபோது இந்நிலைமை மாறியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வமிசாவளியினரான உழைப்பாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. அதனை அடுத்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. அத்தாக்குதலுக்கு முதன்மையாக இலக்கானோர் மலையகத் தோட்டத் தொழிலாளர் என்பது உண்மையே. எனினும் அதே கடலைக் கடந்து வந்த நகர சுத்தித் தொழிலாளரும் அவ்வலையிற் சிக்கினர். எஞ்சியிருந்தோருக்கு இறுதியாகப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. நகரைத் துப்புரவு செய்தவன் நகரின் பிரதிநிதியைத் தெரிவு செய்ய முடியாதிருந்த காலம் நமது நாட்டின் உள்ளூராட்சி வரலாற்றில் ஒரு பெரும் பகுதியாகும். கலந்தாலோசனையைப் பற்றிப் பேசுவோர் இதனை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும்.

சட்டம் கழிவைப்பற்றி என்ன சொல்கிறது? 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச்சட்டமும், நகரசபைகள் கட்டளைச்சட்டமும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் ஒரே குரலில், சேகரிக்கப்பட்ட குப்பை யாவும் சபையின் உடைமையாகும் எனவும், அதனை முறைப்படி அகற்றுதல் சபையின் கடமையாகும் எனவும் விதிக்கின்றன. உடைமை யாருக்கென்பது தெளிவாகிறது. அவ்வுடைமை எவ்வூரிற் கொண்டுபோய் வைக்கப்படுகிறதோ அவ்வூரவரைக் கேட்டல் வேண்டும் என்பதைப்பற்றி அப்பிரிவுகளிற் பேச்சில்லை.

அப்பேச்சு வேறொரு வழியால் வந்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988இற் கொண்டுவரப்பட்ட திருத்தம், பெரும் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதன்படி, மதிப்பீட்டறிக்கை ஆயத்தமானவுடன் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வெளியிடல் வேண்டும். அன்றிலிருந்து 30 நாள்களுக்குள் பொதுமக்கள் தம் கருத்துக்களைத் தெரிவிக்கலாம். பொதுநலன் கருதித் தேவையெனக் கண்டால் அனுமதி வழங்கும் நிறுவனம் பகிரங்க விசாரணையும் நடத்தலாம். இது ஒரு முன்னேற்றமே, ஐயமில்லை. இவ்வேற்பாட்டைப் பயன்படுத்தி மக்கள் சில வெற்றிகளையும் ஈட்டியுள்ளனர். ஆயின் அதன் எல்லையையும் நாம் காணல் வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் இரசாயனவியலும் நிலநீரியலும் செறிந்து கிடக்கும் ஓர் அறிக்கையை, களப்பில் வலைவீசும் மீனவன் 30 நாள்களுள் தேடிப்பிடித்து, கற்று, ஆராய்ந்து, மறுப்புரை எழுத வேண்டும். மக்களை நேரிற் கூட்டிக் கேட்கும் விசாரணையோ அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. 1848ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த பரிசோதகன் விசாரணையை ஊரிலேயே, ஊரவர் முன்னிலையிலேயே நடத்தியாக வேண்டியிருந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

1969ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்கெவிங்டன் குழு, நகர அமைப்புத் திட்டங்களில் மக்கள் பங்குபற்றுதல் குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. பின்னர் அந்நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் கழிவுத் திட்டம் உட்பட நில அமைப்புத் திட்டங்களை வகுக்கும்போது மக்களை எவ்வாறு கலந்தாலோசிக்கப் போகின்றன என்பதை முன்கூட்டியே எழுதி வெளியிடல் வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. அதே 1969ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஷெரி ஆர்ன்ஸ்டின் என்னும் பெண்மணி ஓர் கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளைக் கொண்ட ஓர் ஏணியாக அவர் அதில் உருவகித்தார். அடிப்படிகள் இரண்டும் மக்களை ஏய்ப்பனவும் தேற்றுவனவுமே. உச்சியிலுள்ள மூன்று படிகளில்தான் மக்கள் கைக்கு அதிகாரம் வருகிறது. கலந்தாலோசனை என்பதை அவர் நான்காம் படியில், பெயரளவிலான பங்கேற்பு என்னும் பகுதியில் வைத்தார். கேட்பவன் கேட்டதோடு அமைந்து, தீர்மானத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும்வரை, கேட்டல் வெறும் சடங்கே என்பது அவர் கருத்தின் சாரமாகும்.

சடங்குகூட வஞ்சகமாவதுண்டு. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலக் கழிவு முகாமைத்துவ சபைக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் அறிக்கையொன்று தயாரித்தது. குப்பை எரிக்கும் ஆலைகளை எங்கே அமைத்தால் எதிர்ப்புக் குறைவாக இருக்கும் என்பதே அதன் ஆராய்ச்சி. வருமானம் குறைந்தோர், கல்வி குறைந்தோர் முதலியோர் வாழும் இடங்களில் எதிர்ப்புக் குறைவு என்று அது கண்டு சொன்னது. மக்களைப்பற்றி ஆராய்ந்தவர்கள் மக்களை ஆராய்ந்த நோக்கத்தைப் பாருங்கள். எவ்வூருக்கு நீதி என்று அவர்கள் கேட்கவில்லை. எவ்வூர் பேசாதிருக்கும் என்றே கேட்டனர். அவ்வறிக்கை எழுத்தில் வந்தமையால் உலகம் அதனை அறிந்தது. எழுத்தில் வராமலே அதே கணக்கைப் போடும் அலுவலகங்கள் உலகெங்கும் உள்ளன.

நமது உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் எப்பாவல வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்விருளில் ஏற்றப்பட்ட ஒரு விளக்காகும். எப்பாவலப் பொசுபேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பனியின் கைக்கு விட முனைந்த ஒப்பந்தத்தை எதிர்த்து அவ்விடத்து விவசாயிகளும் ஒரு பௌத்த குருவும் தொடுத்த வழக்கு அது. சுற்றாடல் விடயங்களில் சம்பந்தப்பட்ட குடிமக்களின் பங்குபற்றுதலோடு தீர்மானம் செய்வதே சிறந்ததென 1992ஆம் ஆண்டின் றியோ பிரகடனம் கூறும் கோட்பாட்டை நீதியரசர் அமரசிங்க தம் தீர்ப்பில் எடுத்தாண்டார். சட்டம் விதித்த மதிப்பீட்டையும் மக்களின் கருத்தையும் ஒதுக்கிவிட்டு ஒப்பந்தம் மூலம் குறுக்கு வழியிற் செல்ல அரசுக்கு இடமில்லை என்பது அத்தீர்ப்பால் உறுதியாயிற்று. கனிப்பொருளுக்குப் பொருந்தும் நீதி கழிவுக்கும் பொருந்தும் என்று எண்ணுவதே இயல்பு.

ஆனால் கொழும்பின் குப்பை வேறு பாதையிற் சென்றது. வடகொழும்பின் புளூமெண்டல் வீதியருகே மலையாக எழுந்திருந்த குப்பைமேடு அங்கு வாழ்ந்த ஏழை மக்களை நெடுங்காலம் வாட்டியது. 2009ஆம் ஆண்டில் நீதிமன்றத் தலையீட்டால் அது மூடப்பட்டது. மூடப்பட்டதனால் குப்பை குறைந்துவிடவில்லை, இடம் மாறியது. கொலன்னாவை நகரசபை எல்லையில், ஒருகாலத்தில் வயலும் சதுப்புமாக இருந்த மீதொட்டமுல்லைக்கு மாநகரத்தின் குப்பையும் வந்து சேரத் தொடங்கியது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி ஒரு சிறு துண்டு நிலத்தில் தொடங்கியது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் என்ற அளவிற் கொட்டப்பட்டு, ஏறத்தாழ 20 ஏக்கர் நிலத்தைக் கவ்விக்கொண்டது. தற்காலிகம் எட்டாண்டு நீடித்தது.

அங்கு வாழ்ந்தோர் வாயடைத்திருந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. மனுக் கொடுத்தனர், வீதியில் இறங்கினர், நீதிமன்றம் சென்றனர், அடியும் பட்டனர். மேடு வெடித்திருக்கிறது, வீட்டுச் சுவர்கள் பிளக்கின்றன, மழைக்காலத்தில் கரிய நீர் அடுக்களைக்குள் வருகிறது என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தனர். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று பிற்பகலில், அம்மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. புத்தாண்டுப் பலகாரத்தோடு கூடியிருந்த குடும்பங்கள் புதையுண்டன. 32 உயிர்கள் மாண்டன. சிலரின் உடல்கள் கிடைக்கவுமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தும் சேதமுற்றும் போயின. ஓர் இயற்கை அனர்த்தம் என்று இதனைச் சொல்வோமாயின் மொழிக்கும் மனச்சாட்சிக்கும் நாம் செய்யும் துரோகம் அது. கேட்கப்படாத குரல்கள் அங்கே பிணங்களாகக் கணக்கிடப்பட்டன. ஹவர்த்திலும் அவ்வாறே நிகழ்ந்தது என்பதை முன்னர்க் கண்டோம்.

அதனையடுத்து அரசு செய்த காரியம் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது. குப்பையை வேறிடங்களுக்குக் கொண்டுசென்றபோது அவ்விடத்து மக்களும் மீதொட்டமுல்லையை நினைந்து அஞ்சி எதிர்த்தனர். அதே ஏப்பிரல் மாதத்தில் கழிவகற்றலை அத்தியாவசிய சேவையாக்கும் அதிவிசேட வர்த்தமானி வெளிவந்தது. அதன்படி குப்பை கொட்டுதலைத் தடுத்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கேளாமையால் நேர்ந்த பேரழிவுக்குக் கேட்டல் பரிகாரமாக வந்திருத்தல் வேண்டும். வந்ததோ, பேசுவோரைக் கைது செய்யும் அதிகாரம்.

இறுதியிற் கண்ட வழி புத்தளம் மாவட்டத்தின் அருவாக்காலு ஆகும். சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்தெடுத்துக் கைவிடப்பட்ட குழிகளில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்தில் ஏற்றிவரும் குப்பையைப் புதைப்பது என்பது திட்டம். விஞ்ஞான முறைப்படி அமைக்கப்படும் சுகாதாரப் புதைகுழி, பழைய குப்பைமேட்டைவிட மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. மதிப்பீட்டறிக்கையும் ஆயத்தம் செய்யப்பட்டது, அனுமதியும் கிடைத்தது. ஆனால் புத்தளத்து மக்கள் 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் மாதக்கணக்காக வீதியோரத்தில் அமர்ந்து போராடினர். கொழும்புவரை வந்து முறையிட்டனர். முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடின்றி ஒன்றுகூடிய போராட்டம் அது.

அவர்களின் கோபத்தைச் சிலர் அறியாமை என்றனர். அது அறியாமையன்று; அனுபவம். சீமெந்து ஆலையின் தூசியை அவர்கள் முன்னரே கண்டவர்கள். 2011ஆம் ஆண்டு முதல் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் நிலக்கரித் தூளையும் சாம்பலையும் கண்டவர்கள். மின்சாரம் நாடெங்கும் செல்லும், சாம்பல் தமக்கு மட்டும் எஞ்சும் என்பதைக் கற்றவர்கள். களப்பையும் உப்பளத்தையும் மீன்பிடியையும் நம்பி வாழும் அவர்களோடு, 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் பல்லாயிரவர் அம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். அன்று அவர்களையும் எவரும் கேட்கவில்லை. அச்செயல் தமிழரின் பெயரால் நிகழ்ந்ததென்பதையும் இங்கே நாம் நாணத்தோடு ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு நேர்மையான ஆட்சேபத்துக்கு விடையிறுத்தல் கடனாகும். "எல்லா ஊரையும் கேட்டால் எல்லா ஊரும் வேண்டாமென்றே சொல்லும்; அப்படியாயின் குப்பையை வானத்திலா வைப்பது?" என அதிகாரிகள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. ஆனால் அவர்கள் எப்போது, எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். எவ்வளவு கழிவு உண்டாகிறது, அதனை யார் உண்டாக்குகின்றனர், பிரித்தலும் குறைத்தலும் எவ்வாறு என்பனவற்றைத் தீர்மானிக்கும்போது மக்கள் அழைக்கப்படுவதில்லை. குழியைத் தெரிந்தெடுத்து, ஒப்பந்தமும் எழுதியபின், "உங்கள் ஊரில் வைக்கலாமா?" என்று கேட்கின்றனர். அவ்வினாவுக்கு "வேண்டாம்" என்பதைத் தவிர வேறு விடை இருத்தல் கூடுமா?

முதலிலிருந்தே கேட்டால் விடையும் மாறும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் கேரளத்தின் ஆலப்புழை நகரம் சான்றாக விளங்குகிறது. அந்நகரத்தின் குப்பை அயலூரான சர்வோதயபுரத்திற் கொட்டப்பட்டு வந்தது. ஆண்டுக்கணக்காகத் துர்நாற்றத்தில் வாழ்ந்த அவ்வூரவர் 2012ஆம் ஆண்டில் வழிமறித்து லொறிகளைத் திருப்பி அனுப்பினர். நகர வீதிகள் நாறின. வேறோர் ஏழைக் கிராமத்தைத் தேடி அலையாமல், நகரசபை தன் மக்களிடமே சென்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் அனுபவம் கேரளத்துக்கு முன்னரே இருந்தது. வீடு வீடாகவும் வட்டாரம் வட்டாரமாகவும் கூட்டங்கள் நடத்தி, உணவுக் கழிவை வீட்டிலேயே எரிவாயுவாக்கும் கலன்களும், தெருவோரத்தில் காற்றூட்டி மக்கவைக்கும் தொட்டிகளும் அமைக்கப்பட்டன. 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்பது அத்திட்டத்தின் பெயர். 2017ஆம் ஆண்டில், மீதொட்டமுல்லை சரிந்த அதே ஆண்டில், ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிறுவனம் கழிவைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையை எடுத்துக் காட்டியது. அங்கே குறைகள் எவையும் இல்லையென்று நாம் சொல்லவில்லை. அயலூரானின் எதிர்ப்பு நகரத்தானுக்கு ஒரு கல்வியாக அமைந்தது என்பதையே சொல்கிறோம். நமது நாட்டின் குப்பையிற் பெரும்பகுதியும் மக்கக்கூடிய உணவுக் கழிவும் இலைகுழையுமே ஆதலால், அக்கல்வி நமக்கும் உரியதே.

அவ்வாறாயின் மெய்யான கலந்தாலோசனைக்கு இன்றியமையாதன எவை? தீர்மானத்துக்கு முன்னர்க் கேட்டல். தாய்மொழியில், விளங்கும் சொல்லில், ஊருக்குள் வந்து கேட்டல். குப்பையை உண்டாக்குவோன், சுமப்போன், அதனருகே வாழ்வோன் ஆகிய மூவரையும் ஒரே அவையில் இருத்திக் கேட்டல். சொன்னவற்றுள் எது ஏற்கப்பட்டது, எது ஏன் மறுக்கப்பட்டது என்று திரும்பி வந்து சொல்லுதல். இவற்றுள் மூன்றாவதே நம்மிடையே மிக அரிது. திட்டம் வகுக்கும் மேசையில் நகர சுத்தித் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி இடப்படும் நாளிலேதான் நமது திட்டங்கள் திட்டம் என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.

கேட்பதற்கு ஒரு மன்றம் வேண்டுமென்பதும் வெளிப்படை. நமது உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் முடிவடைந்தது. தேர்தலோ பணமில்லையென்று தள்ளிப்போடப்பட்டது. அதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2024இற் தீர்ப்பளித்தது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும்வரை, ஏறத்தாழ ஈராண்டுகள், தெருக் குப்பையைப் பற்றி முறையிடுவதற்குத் தெரிவு செய்யப்பட்ட மன்ற உறுப்பினர் ஒருவர்கூட நாட்டின் மிகப் பெரும்பாலான ஊர்களில் இருக்கவில்லை. குப்பை மட்டும் அவ்விரண்டு ஆண்டுகளிலும் நாள் தவறாது சேர்ந்துகொண்டிருந்தது.

இன்று மன்றங்கள் மீண்டும் கூடுகின்றன. வரவுசெலவுத் திட்டம் வகுக்கின்றன. லொறிகளுக்கும் கொட்டிடங்களுக்கும் பணம் ஒதுக்குகின்றன. நம்மூர் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில், நமது வீட்டு வாசலிலிருந்து புறப்படும் குப்பை எங்கே போகிறது, அங்கே வாழ்வோரை யார் எப்போது கேட்டார்கள் என்ற இரண்டு கேள்விகளை எழுப்ப நமக்கு உரிமையுண்டு. குப்பை நம் வாசலைக் கடந்ததும் அது பிறன் பிரச்சினை என்று இருந்து பழகிவிட்டோம். ஹவர்த் ஊரின் முதிய குருவானவர் கையொப்பம் திரட்டப் புறப்பட்டபோது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. நாம் அவரைவிட இளையவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வாக்குரிமையும் உடையவர்கள். கேட்கத் தொடங்குவோமாக.